அப்பா சொல்லி வைத்த வேலை

சான்றிதழில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. நீளமான பெயர். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகள் அதை வாசிக்கத் தொடங்கி, பாதி வழியில் மூச்சு வாங்கி, "நீங்களே சொல்லிடுங்களேன்" என்று சிரிப்பார்கள். வீட்டிலும் தெருவிலும் அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே அவன் தசமம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஏழை மூன்றால் வகுக்கச் சொன்னபோது மற்ற பிள்ளைகள் "ரெண்டு, மீதி ஒண்ணு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். இவன் மட்டும் நின்றுகொண்டு, "ரெண்டு புள்ளி மூணு மூணு மூணு..." என்று போய்க்கொண்டே இருந்தானாம். "போதும்டா தசமம், மணி அடிக்கப் போவுது" என்றார் வாத்தியார். அன்றைக்கு ஒட்டிய பெயர் பட்டம் வாங்கிய பிறகும் உதிரவில்லை.

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அக்கா மருந்துக்கடையில் கல்லாவில் இருந்தாள். பட்டமளிப்பு அன்று எடுத்த படத்தை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டி போய் நிற்கிற ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் எடுத்துப் பார்ப்பார். பார்ப்பதோடு விடமாட்டார், காட்டுவார். "அண்ணே, இந்தப் படத்த உங்களவிட நான் அதிகமாப் பாத்துட்டேன். கறுப்பு அங்கிக்குள்ள இருக்கறது உங்க பையனா என் பையனான்னு எனக்கே குழப்பமா இருக்கு" என்பார் நடத்துனர்.

அந்த நாட்டில் அவர்கள் சிறு கூட்டம். மூன்று தலைமுறையாக அங்கேதான் இருக்கிறார்கள். பேருந்து ஓட்டுவார்கள், தரை துடைப்பார்கள், வாசலில் காவல் நிற்பார்கள். கொஞ்சம் வசதி கூடியவர்கள் கடை வைத்தார்கள், லாரி வாங்கினார்கள். முதலீட்டு நிறுவனங்கள் இருக்கிற கண்ணாடிக் கட்டடங்களுக்குள்ளும் அவர்கள் இல்லாமல் இல்லை. கீழ்த்தளத்தில் இருந்தார்கள். மின்தூக்கி மேலே போகப் போக அவர்கள் முகம் குறைந்துகொண்டே வரும்.

தசமத்துக்கு வேண்டியது மேல்தளத்தில் ஒரே ஒரு நாற்காலி. பொதுமக்கள் பணத்தை வாங்கிக் கம்பெனிகளில் போட்டு வளர்க்கிற நிறுவனங்களில் ஆய்வுப் பிரிவு என்று ஒன்று உண்டு. எந்தக் கம்பெனி உள்ளபடியே நன்றாக நடக்கிறது, எது வெளியே வெள்ளையடித்து உள்ளே செல்லரித்துக் கிடக்கிறது என்று அதன் ஆண்டறிக்கையைப் படித்துச் சொல்வது அவர்கள் வேலை. இவனோ காப்பீட்டு அலுவலகத்தில், கார் கண்ணாடி உடைந்ததற்கு இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கல் தானாகத் தெறித்ததா, மச்சினன் எறிந்ததா என்று கண்டுபிடிக்கவா இவ்வளவு படித்தோம் என்று அவனுக்கு ஆற்றாமை. மதியச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் கைப்பேசியில் ஆட்டம் பார்ப்பார்கள். இவன் யாரோ ஒரு சிமெண்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்த்துக்கொண்டு, "அட திருட்டுப் பயலே" என்று தனக்குள் சிரிப்பான்.

அந்த நாற்காலிக்காக அவன் ஏறி இறங்காத நிறுவனம் இல்லை. எழுத்துத் தேர்வில் விடைத்தாளின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதில் அவன் தேறாமல் போனதே கிடையாது. எண்ணாக இருக்கும்வரை அவனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆளாகப் போய் நின்றதும்தான் சிக்கல்.

"எங்க மொழிய இவ்வளவு நல்லா எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் ஓரிடத்தில் ஒருவர்.

"நான் இங்கதாங்க பொறந்தேன்."

"அப்படியா! ஆச்சரியமா இருக்கே!"

அடுத்து கம்பெனிகளைப் பற்றிக் கேட்பார் என்று இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த கேள்வியே வரவில்லை. இன்னொரு நிறுவனத்தில் விடாப்பிடியாகக் காரணம் கேட்டபோது, "திறமைல குறை சொல்ல முடியாது. குழுவோட ஒட்டுவீங்களான்னுதான் யோசிச்சாங்க" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டான்.

"ஒட்டறதுன்னா எப்படிக்கா?"

"அடுத்த தடவ முதுகுல பசை தடவிட்டுப் போடா."

அக்கா கேலி செய்தாலும் மூளைக்காரி. "பேர வெட்டிப் பாரு" என்று சொன்னதும் அவள்தான். பெயரின் வாலை வெட்டித் தலையை மட்டும் வைத்தால் அது பெரும்பான்மை ஆட்கள் பெயர் மாதிரியே ஒலித்தது. அப்படியே விண்ணப்பம் போட்டான். அதுவரை வாயே திறக்காத ஒரு நிறுவனம் மறு வாரமே கூப்பிட்டது. சலவை மடிப்புக் கலையாமல் போய் நின்றான். வரவேற்பில் இருந்த பெண் இவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவர் வரலையா?"

"நான்தான் அவர்."

கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் நேர்காணல் முடிந்துவிட்டது. "பேர வெட்டினா வாசல் வரைக்கும் போலாம்க்கா. மொகத்த எங்க கொண்டுபோய் வெட்டறது?" என்றான் அன்றைக்கு. வாலை மறுபடி ஒட்டவைத்துக்கொண்டான்.

அப்பாவுக்கு இந்தக் கூத்து எதுவும் பிடிபடவில்லை. அவர் கணக்கில் வேலை என்பது ஒருவர் போய்ச் சொல்லி வாங்கித் தருவது. அவருடைய தாய்மாமன் பணிமனை மேலாளரை நேரில் பார்த்து, "எங்க அக்கா பையன், குடிக்க மாட்டான், பாத்துக்குங்க" என்று சொன்னதில்தான் அவர் கைக்கு வண்டி வந்தது. அம்மாவுக்காகச் சலவைக்கூடத்தில் போய் நின்றது பக்கத்து வீட்டுச் சித்தி. அக்காவுக்காக மருந்துக்கடைக்காரரிடம் பேசியது அப்பாவேதான். பெரியவர் ஒருவர் வந்து முகம் காட்டாமல் வேலை கேட்பது, பெண் கேட்கத் தனியாகப் போவது மாதிரி. கேட்டவனுக்கும் மரியாதை இல்லை, கொடுக்கிறவனுக்கும் நம்பிக்கை வராது.

"ஒனக்காக யாருடா போய்ச் சொன்னது?" என்பார்.

"அங்கல்லாம் யாரும் சொல்லக் கூடாதுப்பா. மார்க்கப் பாத்துதான் எடுப்பாங்க."

"எடுத்தாங்களா?"

தசமம் எழுந்து போய்விடுவான்.

ஊரிலேயே பெரிய நிறுவனம் ஒன்று ஆய்வுப் பிரிவுக்கு ஒருவரை மட்டும் எடுப்பதாக அறிவித்தது. எழுத்துத் தேர்வில் இவன்தான் முதல். அவர்களே தொலைபேசியில் அப்படிச் சொன்னார்கள். கடைசிச் சுற்றுக்கு இரண்டே பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று காலையில் அப்பா விடுப்புப் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையும் தேய்த்த கால்சட்டையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"தொணைக்கு."

"நான் என்ன ஒண்ணாங் கிளாசுக்கா போறேன்?"

"வாசலோட நின்னுக்கறேன்டா. உள்ள வந்தா கேளு."

சத்தியம் செய்யாத குறைதான். இவனும் நம்பினான்.

இருபத்தெட்டாவது மாடியில் காத்திருப்பு அறை. அங்கே இன்னொரு ஆள் ஏற்கெனவே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை, நல்ல சிரிப்பு, பெரும்பான்மை வீட்டுப் பிள்ளை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. இவனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"எழுத்துத் தேர்வுல கடைசிக் கேள்வி செஞ்சீங்களா? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. விட்டுட்டேன்."

"செஞ்சேன். இருப்புச் சரக்கு ஏறிக்கிட்டே போகுது, விற்பனை ஏறல. அதான் அதுல சூட்சுமம்."

"அடடா!" என்று அவன் தொடையில் தட்டிக்கொண்டான். பிறகு ஒளிவு மறைவில்லாமல், "எனக்கு அவ்வளவா பயமில்ல. போன வாரம் எங்க மாமா இங்க இருக்கற முதன்மை மேலாளரோட சாப்பிடப் போனார். ரெண்டு பேரும் ஒரே கல்லூரி. என்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கார்" என்றான்.

சொல்லி வைத்திருக்கிறாரா? அங்கெல்லாம் யாரும் சொல்லக் கூடாது என்றல்லவா இத்தனை நாளாக அப்பாவின் வாயை அடைத்துவந்தான்? அதைப் பற்றி முழுதாக எண்ணிப் பார்ப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

முதன்மை மேலாளர் நரைத்த, இளகிய முகக்காரர். பக்கத்தில் ஆய்வுப் பிரிவை நடத்தும் அம்மையார், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி வைத்திருந்தார். அவர்தான் குடைந்து குடைந்து கேட்டார். ஒரு குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியின் அறிக்கையை நீட்டி, "இதுல பணம் போடலாமா?" என்றார். தசமம் புரட்டினான். லாபம் மாடிப்படி மாதிரி ஏறியிருந்தது. ஆனால் கையில் வந்த பணம் ஏறவில்லை. விற்றதாக எழுதியிருக்கிறார்கள், காசு வசூலாகவில்லை. வாங்கியவர் யார் என்று பின்பக்கத்துப் பொடி எழுத்தில் தேடினான். கம்பெனி முதலாளியின் மகன் நடத்தும் இன்னொரு கம்பெனி.

"அப்பா விக்கறார், பையன் வாங்கறார். காசு மட்டும் யார் கையிலயும் இல்ல. நான் போட மாட்டேன்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அறையை விட்டு வெளியே வந்தபோது தசமத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு நாள் அடைத்துக் கிடந்தது இன்றைக்குத் திறந்துவிட்டது என்றே நினைத்தான். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஒரு கையெழுத்து, அதற்கு ஒரு வரிசை. அது முடிந்து மின்தூக்கியில் இறங்கி, கதவு திறந்தது.

பளிங்குத் தரையின் நட்டநடுவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தனியாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்காகக் கீழே இறங்கிய முதன்மை மேலாளரின் வலது கை அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது.

"படிப்புல நெருப்பு சார் எம் பையன். பொய் சொல்லத் தெரியாது. ஒங்க புள்ள மாதிரி நெனச்சுப் பாத்துக்கணும்" என்று மேலாளரின் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. அது அவர் பயணிகளிடம் பொறுக்கிய மொழி. இலக்கணம் எல்லா நிறுத்தத்திலும் இறங்கி ஏறும். ஆனால் அதில் பேசி யாரையும் சிரிக்க வைத்துவிடுவார்.

வாசல் காவலாளி ஓடி வந்து, "அண்ணே, நீங்களா! வெளிய நிக்க வச்சிட்டேனே" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். துடைப்பத்தோடு போன மேற்பார்வைக்கார அக்கா நின்று, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ரொட்டி கொண்டுவந்த வண்டிக்காரர் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கும்பிட்டார். அப்பாதான் அவர்களுடைய சமூகச் சங்கத்தின் செயலாளர். நல்லது கெட்டது எதற்கும் முதல் தொலைபேசி அவருக்குத்தான் வரும்.

மேலாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு எல்லாரையும் தெரியும் போலயே?"

"தெரியாதவங்க இருந்தா நாளைக்குள்ள தெரிஞ்சுக்குவேன் சார்."

"உங்க சங்கத்துல எத்தனை குடும்பம் இருக்கும்?"

"ஊரு பூரா நம்மாளுங்கதான். சாதாரணப்பட்டவங்க மட்டுமில்ல சார். டாக்டர் இருக்கார், கடை முதலாளிங்க இருக்காங்க, லாரி வச்சிருக்கவங்க இருக்காங்க. என்னக் கேக்காம ஒரு எடம் வாங்க மாட்டாங்க, ஒரு தேதி வைக்க மாட்டாங்க."

"நல்லது, ரொம்ப நல்லது" என்றார் மேலாளர். அப்போதுதான் தசமத்தைக் கண்டு, அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்புகிற பேருந்தில் தசமம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். காது வரை சிவந்திருந்தது.

"எதுக்குப்பா உள்ள வந்தீங்க?"

"மழ தூறுச்சு."

"தூறவே இல்ல."

"எனக்குத் தூறுச்சு" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த ஆளு நல்ல ஆளுடா. கையப் புடிச்சதும் தெரிஞ்சு போச்சு" என்றார்.

அடுத்த வாரம் தொலைபேசி வந்தது. ஆளெடுப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் குரல்: நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், வாழ்த்துகள். அம்மா ஈரக் கையோடு வந்து அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். அக்கா, "இனிமே தசமம் சார்னு கூப்புடணுமா?" என்றாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"மார்க்கப் பாத்து எடுத்தாங்களாம், மார்க்க! நான் போய்ச் சொன்ன பொறவுதானடா எடுத்தாங்க?"

தொலைபேசி இன்னும் தசமத்தின் காதில்தான் இருந்தது. அந்தப் பெண் வேலையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சமூகத் தொடர்பு அலுவலர்.

"மன்னிக்கணும், நான் போட்டது ஆய்வுப் பிரிவுக்கு."

"ஆமாங்க. ஆனா இது உங்களுக்காகவே மேலாளர் புதுசா உருவாக்கின பதவி. சம்பளம்கூட ஒரு படி அதிகம்."

மறுநாள் அவன் நேரிலேயே போனான். மேலாளர் எழுந்து வந்து கைகொடுத்தார். பளபளக்கும் ஒரு கையேட்டை மேசையில் நகர்த்தினார். புதிய சேமிப்புத் திட்டம். இவர்கள் சமூகத்துக் குடும்பங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நிறுவனத்துக்கு அந்தப் பக்கம் இதுவரை வழியே கிடைக்கவில்லை.

"உங்க ஆளுங்க எங்க விளம்பரத்த நம்ப மாட்டேங்கறாங்க. உங்க அப்பாவ நம்பறாங்க. நான் கண்ணால பாத்தேனே."

"நான் எழுத்துத் தேர்வுல முதலா வந்தேன் சார்."

"தெரியும். அதனாலதான் உங்கள இழக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்."

"அப்ப ஆய்வுப் பிரிவுல யாரு?"

மேலாளர் சொன்னார். நீலச் சட்டைக்காரன்தான். "நல்ல பையன். குழுவுக்குச் சட்டுனு பழகிடுவான்."

தசமத்துக்குக் கோபம் வந்தது. இந்த அறையில் குரல் உயர்ந்தால் 'பார்த்தாயா, இவர்கள் இப்படித்தான்' என்பார்கள். அதனால் குரலைத் தாழ்த்தியே வைத்துக்கொண்டான். உயர்த்தத் தெரியாமல் அல்ல.

"சார், ஒண்ணு கேக்கறேன். எனக்காக எங்க அப்பா வந்து சொன்னார். ஆய்வுக்கு எடுத்தவருக்காக அவங்க மாமா வந்து சொன்னார்."

மேலாளர் புருவத்தை உயர்த்தினார்.

"அவரே எங்கிட்டச் சொன்னார். மாமா சொன்னதும் அவர் ஆய்வுக்குப் போறார். அப்பா சொன்னதும் நான் விக்கப் போறேன். அவங்க மாமாவுக்கும் நாலு பேரத் தெரிஞ்சிருக்குமில்ல? அவங்ககிட்ட விக்க அவர ஏன் அனுப்பல?"

"அது வேற, இது வேற."

"எப்படி சார் வேற?"

மேலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. பரிவோடு பார்த்தார். "நீங்க இத அவமானமா எடுத்துக்கறீங்க. நான் மதிப்பாச் சொல்றேன். இந்த வேலைய உங்களத் தவிர யாராலயும் செய்ய முடியாது. ரெண்டு வருஷம் பாருங்க. அப்புறம் மேல மாறிக்கலாம்."

வெளியே வந்தபோது நடைவழியில் ஆய்வுப் பிரிவு அம்மையார் எதிர்ப்பட்டார். இவனைப் பார்த்ததும் நின்றார். எதையோ சொல்ல வந்தவர், "குளிர்பதனக் கம்பெனிய நாங்க விட்டுட்டோம். நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஆக, இவன் சொன்ன சொல் அந்த அறைக்குள் போய்விட்டது. சொன்னவன்தான் வெளியே நிற்கிறான்.

மின்தூக்கியில் நடுவயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இன்னொரு சிறு கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் சமூகத் தொடர்பு என்று எழுதியிருந்தது. இவன் கையிலிருந்த கையேட்டைப் பார்த்தாள்.

"உங்க ஆளுங்களுக்கு நீங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க. ரெண்டு வருஷத்துல மேல மாத்துவாங்களாமே?"

அவள் சிரித்த சிரிப்பில் சத்தமே இல்லை. "எனக்கும் அப்படித்தாம்பா சொன்னாங்க. நான் வர்றப்ப என் பொண்ணு கைக்கொழந்த. இப்ப என் செருப்பு அவளுக்குச் சரியா இருக்கு." கீழ்த்தளம் வந்ததும் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் கையேட்டைப் படித்தான். படிக்காமல் இருக்க அவனால் முடியாது. முன்பக்கம் முழுக்கச் சிரிக்கிற குடும்பங்கள், இவன் ஆட்கள் சாயலில். அவனுக்கு வேண்டியது பின்பக்கப் பொடி எழுத்து. சேரும்போது ஒரு கட்டணம், ஆண்டுதோறும் ஒரு கட்டணம், நடுவில் எடுத்தால் அபராதம். கம்பெனிகள் நன்றாக வளர்ந்தாலும் முதல் பங்கு நிறுவனத்துக்கு. பணம் போட்டவனுக்கு மிஞ்சுவது தபால் அலுவலகச் சேமிப்பைவிடக் குறைவு. ஒரு பொய்கூட இல்லாமல், எல்லாவற்றையும் எழுதியே வைத்திருந்தார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்கிற தைரியம்.

வீட்டில் கூடம் நிறைந்த கொண்டாட்டம். காலையிலேயே நடத்துனர் வந்து வாழ்த்திவிட்டுப் போயிருந்தார். தசமம் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடியே சொன்னான்.

"நான் அந்த வேலைக்குப் போகல."

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "என்னடா சொல்ற? கெடைச்ச வேலைய வேணாங்கறதுக்கு நீ என்ன ஜமீன் பரம்பரையா?"

"ஆய்வு வேலை இல்லம்மா. நம்மாளுங்ககிட்ட திட்டம் விக்கற வேலை."

"வித்தா என்ன? மருந்துக்கடைல நான் விக்கல?" என்றாள் அக்கா.

"நீ விக்கற மருந்து நோயக் கொணப்படுத்தும்க்கா."

அப்பாவின் முகம் கறுத்தது. "டேய், நான் சங்கத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். பணிமனைல இனிப்புக் குடுத்துட்டேன். இப்பப் போய் இல்லன்னு சொன்னா எம் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்? அந்த மனுசன் எவ்வளவு மரியாதையாப் பேசினாரு தெரியுமா? கையப் புடிச்சுக்கிட்டுப் பேசினாருடா!"

"நீங்கதாம்பா அவர் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"எதுவோ ஒண்ணு! படிச்ச திமிரு ஒனக்கு. வாசல் வரைக்கும் வந்த சீதேவிய வெரட்டற."

தசமம் கையேட்டை அப்பாவின் முன்னால் விரித்து வைத்தான். அவருக்கு அந்த எழுத்து பாதி ஓடும், பாதி ஓடாது. இவன் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னான். எடுத்தெறிந்து பேசவில்லை, அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே கசந்தது. இதே வேலையை இருபத்தெட்டாவது மாடியில் செய்யத்தானே கேட்டான்? கூடத்துச் சாப்பாட்டு மேசையில் செய்துகொண்டிருக்கிறான்.

அப்பா முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "நடத்துனரு ஓய்வு பெறப் போறாரு. கைக்கு வர்றத எதுல போடலாம்னு காலைல என்னைத்தான் கேட்டாரு. ஒங்க பையன் கம்பெனியில போட்டுர்றேன்னாரு. போடலாமா?"

"போடச் சொன்னா போடுவாரு. அதுக்குத்தாம்பா எனக்கு வேலை குடுக்கறாங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. போடலாமா?"

"கூடாது."

அக்கா கையேட்டை எடுத்து, சிரிக்கிற குடும்பங்களைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வேணாம். சொல்லிரு" என்றார் அப்பா கடைசியில். குரலில் சுருதியே இல்லை.

தசமம் தொலைபேசியை எடுத்து ஆளெடுப்புப் பெண்ணிடம் சொன்னான். அவள் காரணம் கேட்டாள். குழுவோடு ஒட்டாது என்று தோன்றுகிறது என்றான். பிறகு, உங்கள் பெயரைக் கோப்பில் வைத்திருக்கிறோம் என்று எல்லாரும் சொல்வதையே அவளும் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினான். நியாயமாக அவனுக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நாளைக்கு மறுபடி கார் கண்ணாடி, மறுபடி கல். அந்த நாற்காலியில் இந்நேரம் நீலச் சட்டைக்காரன் உட்கார்ந்து, எது தலை எது வால் என்று யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப் பொறுமையாக ஆள் இருக்கும்.

அப்பா இன்னும் மேசையை விட்டு எழவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, நான் அங்க வந்து ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா? அவங்க மொழில எனக்கு அவ்வளவா வராது. ஏதாச்சும் மரியாதக் கொறைவா வந்திருச்சா?"

தசமத்துக்கு அவர்மேல் இருந்த கோபம் போக இடமில்லாமல் அங்கேயே நின்றது. அவர் தப்பாகப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! உளறியிருந்தால், காவலாளியோடு சண்டை போட்டிருந்தால், ஒருவரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாமல் போயிருந்தால்.

"இல்லப்பா. நல்லாத்தான் பேசினீங்க" என்றான். "ரொம்ப நல்லாப் பேசினீங்க."